குடைக் கடையில் நான் எழுதிய கடைசி இரண்டு வரி

தம்பி, ஸஹ்ரா ஏன் உன்னோடு கொழும்புக்கு வரமாட்டேன் என்கிறாள் என்று மூன்று வாரமாக என்னைக் கேட்டுக்கொண்டிருக்கிறாய். காரணம் உன் அம்மா, நான்தான். உங்கள் குரங்குக் கம்ப்யூட்டர் விளையாட்டைப் பார்த்துவிட்டுக் கூப்பிட்ட கம்பனி, நிரல் எழுத நீயும் படம் வரைய அவளுமாகச் சேர்ந்து வந்தால்தான் எடுப்போம் என்று சொல்லிவிட்டது. திங்கட்கிழமை காலைக்குள் அவள் மனம் மாறாவிட்டால் உனக்கும் அந்த வேலை இல்லை. இது தெரிந்தும் நான் வாயைத் திறக்காமல் உன் சட்டைகளை இஸ்திரி போட்டுப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தேன். இன்று எழுதுகிறேன். வீட்டுக்குள் வைத்துச் சொல்லாமல், எல்லாரும் வாசிக்கிற கேம் ஜாம் இணையப் பக்கத்தில் எழுதுகிறேன், ஏனென்றால் நான் செய்ததும் இங்கேதான். நான் யாரிடமும் மனம் திறக்கிறவள் இல்லை என்பது உனக்குத் தெரியும். உனக்கும் எனக்கும் பத்தொன்பது வயதுதான் வித்தியாசம். உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு பரீட்சைக்குப் படித்த காலத்திலிருந்தே எனக்குப் பேச்சுத்துணை புத்தகங்கள்தான். ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். இது உங்கள் குழுவில் மூன்றாவதாக இருந்த நிரோஷிடம் மன்னிப்புக் கேட்கிற கடிதம் இல்லை. அதை எதிர்பார்த்து வாசிக்கிறவர்கள் இப்போதே நிறுத்திக்கொள்ளலாம்.

போன வருடம் நீ முதல்முதலாகக் கேம் ஜாமுக்குப் பெயர் கொடுத்தபோது எனக்கு அது என்னவென்றே விளங்கவில்லை. அன்றைக்குத்தான் சொல்லப்படுகிற ஒரு தலைப்பில், முன்பின் தெரியாத ஆட்களோடு குழு சேர்ந்து, மூன்று நாளில் ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டைச் செய்து முடிக்க வேண்டும் என்று சொன்னாய். "தெரியாத ஆளோட எப்படிடா மூணு நாள் வேலை செய்வ?" என்று கேட்டேன். "கல்யாணத்தையே நீங்க அப்படித்தானேம்மா பண்றீங்க" என்றாய். உன் அப்பா பத்திரிகைக்குப் பின்னால் இருந்து, "இவனுக்கு மூணு நாளோட முடியுதே, குடுத்து வச்சவன்" என்றார். குழு தேடுகிறவர்கள் எழுதுகிற இணையப் பலகையில் "கொஞ்சம் நிரல் எழுதுவேன்" என்று எழுதியிருந்தாய். நான் மாற்றச் சொன்னேன். உனக்கு எவ்வளவு தெரியும் என்பது யாருக்கும் தேவையில்லை, எதை முடித்துக் கொடுப்பாய் என்று எழுது என்றேன். "குதிக்கிற, ஏறுகிற, திருடுகிற பாத்திரங்களை ஒரே நாளில் ஓட வைப்பேன்" என்று எழுதினாய். அலவத்துகொடையிலிருந்து ஒரு பிள்ளை பதில் போட்டாள்: "நான் பன்னிரண்டு படம் வரைவேன். பதின்மூன்றாவது கேட்டால் இல்லை என்பேன்." அவளைப் பிடித்துக்கொள் என்று உன்னிடம் சொன்னேன். தன்னால் முடியாததை முதலிலேயே சொல்கிறவளோடு நம்பி வேலை செய்யலாம். மூன்றாவதாக நிரோஷ் வந்தான். "எல்லாம் செய்வேன் மச்சான், வாங்க, ஜாலியா பண்ணுவோம்." எல்லாம் செய்வேன் என்கிறவனிடம் எது உன்னுடையது, எது என்னுடையது என்று முதல் மணித்தியாலத்திலேயே கேட்டு எழுதி வைக்க வேண்டும். அதை நான் சொல்லிக் கொடுக்கவில்லை. எனக்கே அப்போது தெரியாது.

அந்த மூன்று நாளும் பேராதனையில் ஒரு மண்டபத்தில் வேலை செய்தீர்கள். தலைப்பு 'காவல்'. மற்றவர்கள் கோட்டை, கொள்ளைக்காரன் என்று போக, நீ நம் வீட்டுக் கூரைக்குப் போனாய். கட்டுகஸ்தோட்டையில் ஆற்றங்கரைப் பக்கம் இருக்கிறவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை, சமையலறை ஜன்னலைத் திறந்து வைத்தால் குரங்கு உள்ளே வந்து பாண் ரொட்டியைத் தூக்கிக்கொண்டு போகும். உன் விளையாட்டில் பூப்போட்ட நைட்டி போட்ட ஒரு பெண் கூட்டுகிற தும்புத்தடியோடு சமையலறையைக் காவல் காக்கிறாள். அவள் ஒரு வழியை அடைத்தால் குரங்குகள் யோசித்து வேறு வழி கண்டுபிடிக்கின்றன. அந்தக் குரங்குகளின் மூளையை நீ எழுதினாய். அந்தப் பெண்ணை நீ சொல்லச் சொல்ல ஸஹ்ரா வரைந்தாள். நிரோஷ் இசை போட்டான், முகப்புப் பக்கம் செய்தான், எல்லாருக்கும் கொத்து ரொட்டி வாங்கி வந்தான். அவன் ஒன்றுமே செய்யவில்லை என்று நான் எங்கும் சொல்லவில்லை. இரண்டாம் நாள் நீ எனக்குப் படம் அனுப்பினாய். என் நைட்டி, என் கொண்டை, கோபம் வந்தால் நான் இடது கையை இடுப்பில் வைக்கிற விதம். என்னை யாரும் அவ்வளவு கவனமாகப் பார்த்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. குளியலறைக்குள் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

கடைசி நாள் மாலை ஐந்து மணிக்குள் விளையாட்டை ஏற்றி, யார் எதைச் செய்தார்கள் என்ற பெயர்ப்பட்டியலையும் நிரப்ப வேண்டும். அதே மாலை உன் சித்தப்பா மகளுக்குப் பூப்புச் சடங்கு. நான்கு மணியிலிருந்து நான்தான் போன் மேல் போன் போட்டேன். "அண்ணன்காரன் இல்லாம போட்டோ எடுக்க முடியாதுங்கிறாங்க. எல்லாரும் உன்னைத்தான் கேக்குறாங்க." நீ கெஞ்சினாய்: "அம்மா, பேரெல்லாம் போடணும், அரை மணித்தியாலம் பொறுங்க." நான் சொன்னேன்: "பேரை அவங்க போட மாட்டாங்களா? நீ என்ன பேருக்கா வேலை செஞ்ச?" இந்த வார்த்தைகளைச் சொன்னது நான். நல்ல வேலை தானாகப் பேசும், நாம் முந்திக்கொண்டு நிற்கக் கூடாது என்று உன்னை வளர்த்ததும் நான். நிரோஷ் "நீ போ மச்சான், நான் பார்த்துக்கிறேன்" என்றானாம். நீ வந்தாய். பட்டுச் சேலைகளுக்கு நடுவே கசங்கிய டீஷர்ட்டோடு நிற்கிற உன் படம் சித்தப்பா வீட்டு ஆல்பத்தில் இருக்கிறது. அதை நான் இன்றுவரை இரண்டாவது தடவை பார்க்கவில்லை.

மறுநாள் விளையாட்டைத் திறந்தோம். எண்ணமும் நிரலும்: நிரோஷ். ஓவியம்: ஸஹ்ரா. அதற்குக் கீழே சின்ன எழுத்தில், உற்சாகப்படுத்தியவர்களுக்கு நன்றி. அந்தப் பட்டியலில் முதலாவது டெனி, நிரோஷின் நாய். இரண்டாவது நீ. நீ அவனுக்கு எழுதிக் கேட்டாய். "ஐயோ மச்சான், அவசரத்துல விட்டுப்போச்சு, இனி அந்தப் பக்கத்தை மாத்த முடியாது" என்று பதில் வந்தது. நாயின் பெயர் விட்டுப்போகவில்லை. பிறகு அந்த விளையாட்டுக்கு முதலிடம் கிடைத்தது. ஒரு வீடியோவில் நிரோஷ் சிரித்துக்கொண்டே, "எங்க மாமி வீட்டுல பார்த்தது, அதுல இருந்துதான் ஐடியா வந்துச்சு" என்றான். அவனுடைய மாமி! அந்த மாமி எந்தக் குரங்கை எந்தத் தும்புத்தடியால் விரட்டினாள்? நீ "விடுங்கம்மா" என்றாய். உன் அப்பாவும் விடு என்றார். கோபம் நாளாக ஆறும் என்று நான் படித்த புத்தகங்கள் பலவும் சொல்கின்றன. என் கோபம் ஆறவில்லை, எனக்குப் பழகிப்போனது, அவ்வளவுதான். காய் நறுக்கும்போது அது பக்கத்தில் இருந்தது. பஸ்ஸில் என்னோடு உட்கார்ந்து வந்தது.

நான்கு மாதம் கழித்து, முழுக்க இணையத்திலேயே நடக்கிற ஒரு ஜாம் வந்தது. உனக்கு மனம் விட்டுப்போய் நீ சேரவில்லை. நான் மட்டும் பலகையை வாசித்துக்கொண்டிருந்தேன். நிரோஷ் எழுதியிருந்தான்: விளையாட்டு மூன்று மொழியிலும் வரும், தமிழ் எழுத ஆள் தேவை. படத்துக்கு ஸஹ்ரா ஏற்கெனவே இருந்தாள். நான் மாலினி என்ற பொய்ப் பெயரில் எழுதினேன்: "நீங்கள் சொல்வதை ஒரு சொல் கூடாமல், ஒரு சொல் குறையாமல் தமிழில் தருவேன்." என் தொழிலே அதுதான். பதினொரு வருடமாகக் கண்டியில் ஒரு மாடிப்படிக்குக் கீழே மேசை போட்டு, சத்தியப்பிரமாணம் செய்த மொழிபெயர்ப்பாளராக, மற்றவர்களின் காணி உறுதிப் பத்திரங்களையும் பிறப்புச் சான்றிதழ்களையும் சிங்களத்துக்கும் தமிழுக்குமாக மாற்றி முத்திரை குத்துகிறேன். அந்தச் சத்தியத்தை அன்றைக்குப் பொய்யாகக் கொடுத்தேன், முழு அறிவோடு. கடைசி நாளில் ஒன்றும் கொடுக்காமல் மறைந்துவிட வேண்டும் என்பதுதான் என் முதல் எண்ணம். முதல் நாளே நிரோஷ் ஒரு குரல்பதிவு அனுப்பினான். "அக்கா, நான் இங்கிலீஷ் மீடியம். தமிழ் பேசுவேன், எழுத்து வாசிக்க வராது. நீங்க போடுறதுதான் பைனல்." அதை நான் மூன்று தடவை போட்டுக் கேட்டேன்.

அந்த விளையாட்டு, மழைக்காலத்தில் குடை திருத்துகிற ஒரு கடை. ஆட்கள் நனைந்த குடையோடு வந்து தங்கள் கதையைச் சொல்வார்கள். கதையைக் கேட்டு எந்தக் கம்பி உடைந்திருக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். நூற்றுப் பத்து வரி. ஒன்றையும் நான் பழுதாக்கவில்லை. பழுதாக்கினால் ஸஹ்ரா கண்டுபிடித்துவிடுவாள் என்ற தந்திரம் பாதி. மீதி, எனக்கு அந்த வேலை பிடித்துப்போனது. ஸஹ்ரா எழுதுவாள்: "அக்கா, குடை திருத்துறவர ஐயான்னா கூப்பிடுவாங்க? எங்க ஊர்ல நானான்னுதான் சொல்லுவோம்." ஒரு வாடிக்கையாளர் கடைக்காரரை, அண்ணன் என்ற பொருளில், நானா என்று கூப்பிடுவதாக எழுதினேன். அதை வாசித்துவிட்டு அவள் அந்த ஆளுக்குத் தொப்பி வரைந்தாள். அந்தத் தொப்பியைப் பார்த்து நான் அவருடைய அடுத்த வரியை மாற்றினேன். குழு என்றால் என்னவென்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. உன் வேலையைப் பார்த்துத் தன் வேலையை மாற்றிக்கொள்கிற ஆள், அந்த ஆளைப் பார்த்து நீயும் மாற்றுகிறாய். நிரோஷ் மூன்று வேளையும் "சாப்பிட்டீங்களா அக்கா" என்று கேட்டான். அது எனக்கு எரிச்சலாக இருந்தது. கெட்டவன் முழுநேரமும் கெட்டவனாக இருந்துவிட்டால் பழிவாங்குகிறவளுக்கு எவ்வளவு சுலபம்!

ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு முடிவு. முடிவுத் திரை மட்டும் பாக்கி வைத்திருந்தேன். மூன்று மணியிலிருந்து ஸஹ்ரா கேட்டாள்: "அனுப்புங்க அக்கா, நான் ஒருக்கா வாசிச்சுட்டுப் போடுறேன்." இதோ என்றேன். நான்கு மணிக்கும் இதோ என்றேன். நாலு ஐம்பதுக்கு அனுப்பினேன். உன்னிடமிருந்து பறிபோன அந்தக் கடைசி அரை மணித்தியாலத்தை அவர்களிடமிருந்து பறிக்கிறேன் என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது. நிரோஷ் பார்க்காமல் ஒட்டினான். ஆங்கிலத்தில் இருந்தது, மழை விட்டுவிட்டது, இந்தக் கடையை உங்களுக்காகச் செய்தவர்கள் இவர்கள் என்று. தமிழில் நான் எழுதியது இது: "இந்தக் கடையைச் செய்தது ஒரு திருட்டுக் குழு. போன தடவை ஒருவனின் மூளையைத் திருடிவிட்டு, அவன் பெயரை நாயின் பெயருக்குக் கீழே எழுதியவர்கள் இவர்கள்." அதற்கு அடியில் இரண்டு பெயர், நிரோஷ், ஸஹ்ரா. குழு என்று எழுதும்போது என் கண்ணில் நின்றது ஒருவன்தான். இரண்டாவது பெயரை நான் பார்த்தேன், பார்த்தும் கடந்துபோனேன்.

அடுத்த இரண்டு மணித்தியாலத்தை என் வாழ்நாளில் மறக்கமாட்டேன். தமிழில் விளையாடியவர்கள் அந்தப் பக்கத்தில் சிரிப்பு முகங்களாகப் போட்டார்கள். வாசிக்கத் தெரியாத நிரோஷ் ஒவ்வொருவருக்கும் நன்றி சொன்னான். "மிக்க நன்றி, நிறைய கஷ்டப்பட்டுச் செய்தோம்" என்று ஆங்கிலத்தில், ஒருவர் விடாமல். கடைசியில் யாரோ வாசித்துக் காட்டியிருக்க வேண்டும். அதன்பிறகு அவனிடமிருந்து சத்தமே இல்லை. அமைப்பாளர்கள் விளையாட்டை எடுத்துவிட்டார்கள், மாலினி என்ற கணக்கை நான் அழித்துவிட்டேன். நீ போனைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்குள் ஓடிவந்தாய். "அம்மா, இதைப் பாருங்க! அந்த நாய்க் கதைதான் ஜாமுல எல்லாருக்கும் தெரியுமே, யாரோ ஒரு புண்ணியவான் வச்சு செஞ்சிருக்கான்." அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருந்தது, நான் அதைத்தான் பார்க்கிறவள் மாதிரி நின்றேன். அவ்வளவு சந்தோஷமாக உன்னை நான் பார்த்து நான்கு மாதமாகியிருந்தது. அந்தச் சந்தோஷத்தை நான்தான் சமைத்தேன் என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது.

ஸஹ்ரா என்ன ஆனாள் என்று நான் கேட்கவே இல்லை. கம்பனி அவளிடம் விசாரித்தபோது குரங்குகளின் நிரலை எழுதியது நீதான் என்று சொன்னவள் அவள். அதே வாயால் உன்னோடு வரமாட்டேன் என்றும் சொன்னாள். நீ குழம்பினாய். எனக்கு மெல்ல மெல்ல விளங்கியது. நாய்க் கதையை இழுத்தால் யார்மேல் சந்தேகம் வரும் என்று கூட யோசிக்காமல், அந்த வரியின் அழகில் மயங்கி எழுதிவிட்டேன். நேற்று மேசையைப் பூட்டிவிட்டு அலவத்துகொடைக்குப் பஸ் ஏறினேன். "கவினோட அம்மாவா? வாங்க ஆன்ட்டி, இரிங்க. வாப்பா கடைக்குப் போய் ஈக்காங்க" என்று கதிரையை இழுத்துப் போட்டாள். அவள் உம்மா தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போனார். பஸ்ஸில் முழு வழியும் யோசித்தும் நல்லதாக ஒரு வார்த்தை கிடைக்கவில்லை. "மாலினி நான்தான்" என்றேன்.

அவள் என்னையே பார்த்தாள். "அப்ப கவின் இல்லையா?"

"அவனுக்கு ஒண்ணும் தெரியாது."

"நான் அவரத்தானே நெனச்சேன்" என்றாள். பிறகு சொன்னாள். அன்று அவள் வாப்பா அந்த விளையாட்டை டிவியில் போட்டு, சாச்சி வீட்டுச் சொந்தங்களையும் கூப்பிட்டு வைத்துத் தமிழில் விளையாடியிருக்கிறார். முடிவுத் திரையைச் சத்தமாக வாசித்திருக்கிறார். "குழு வரைக்கும் சிரிச்சுட்டேதான் வாசிச்சாங்க ஆன்ட்டி. அதுக்குப் பொறகு டிவிய நிப்பாட்டிட்டாங்க. என்னய ஒண்ணும் கேக்கல்ல. இன்னமும் கேக்கல்ல." பிறகு, "நூத்திப் பத்து வரியும் எவ்வளவு நல்லா இருந்திச்சு. கடைசி ரெண்டு வரிக்காகவா மத்த எல்லாத்தையும் எழுதினீங்க?" என்றாள். ஆமாம் என்றேன்.

அதோடு முடியவில்லை, தம்பி. அவள் தேநீர்க் கோப்பையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "பேர் போடக்குள்ள நானும் பக்கத்துலதான் இருந்தேன். நிரோஷ் டெனிட பேர மேல போட்டுட்டு என்னயப் பார்த்தாரு. நான் சிரிச்சேன். மூணு நாள் தூக்கமில்ல, எதுக்கெடுத்தாலும் சிரிப்பு வந்திச்சு. கவின் பேரு நிரலுக்கு நேர வரணுமேன்னு கேட்டேன், பொறகு மாத்துவோம்னாரு. பொறகு நானும் கேக்கல்ல." என் கையில் கோப்பை சுட்டது. அவள் வாப்பா வாசித்த சொல் சரியான ஆளிடம்தான் போய்ச் சேர்ந்திருக்கிறது என்று ஒரு நொடி நினைத்தேன். அந்த நொடி இனித்தது, மறைக்க விரும்பவில்லை. பிறகு அவள் முகத்தைப் பார்த்தேன். நான் கேட்காத ஒன்றைத் தானாகச் சொன்னவள். நிரோஷ் இன்றுவரை சொல்லாதது அது. சடங்கைச் சொல்லி உன்னை அங்கிருந்து எழுப்பியது நான். சிரித்தது அவள். எழுதியது அவன். மூன்று பேரில் என்னை மட்டும் விட்டுவிட்டு மற்ற இருவரையும் நான் தண்டித்திருக்கிறேன்.

"நான் என்ன செய்யணும்?" என்று கேட்டேன். அவள் யோசிக்கவே இல்லை. "எழுதுங்க. அதே பக்கத்துல, உங்கட சொந்தப் பேர்ல, மூணு பாஷையிலயும். நான் சிரிச்சதையும் எழுதுங்க. வாப்பா வாசிக்கணும். அவங்க சரின்னா நான் கவினோட போறேன்." நிரோஷ் செய்ததையும் எழுதுவேன் என்றேன். "எழுதுங்க. கூட்டாம, கொறைக்காம" என்றாள். எனக்கு என் தொழிலைச் சொல்லித்தந்தது ஒரு இருபது வயதுப் பிள்ளை.

எழுதிவிட்டேன். சிங்களமும் ஆங்கிலமும் இதற்குக் கீழே இருக்கின்றன. என் முத்திரையை நம்பிக் காணி உறுதி கொண்டுவருகிறவர்கள் இதை வாசித்துவிட்டு வேறு மேசைக்குப் போகலாம். போனால் அது நியாயம்தான். நிரோஷ் ஆங்கிலத்தில் வாசிப்பான். தமிழில் இருப்பதுதான் அதிலும் இருக்கிறதா என்று இந்தத் தடவை ஆளைக் கூட்டிவந்து சரிபார்த்துக்கொள்ளட்டும். அவன் செய்தது இனி என் சொந்தப் பெயரோடு இங்கே இருக்கும், அழிக்கச் சொல்லி நீ கூட என்னிடம் வராதே. நீ இனி எத்தனையோ பேரோடு குழு சேர்வாய். வேலை முடிகிற நேரத்தில் எழுந்து போகாதே. நான் விழுந்து கிடக்கிறேன் என்று போன் வந்தாலும் பெயர்களை ஏற்றிவிட்டு வா. யாராவது உன் பெயரை எடுத்துவிட்டால் அன்றைக்கே, அந்த இடத்திலேயே, முகத்துக்கு நேரே சண்டை போடு. என் மாதிரி நான்கு மாதம் பொத்தி வைக்காதே. பொத்தி வைத்த கோபம் எறியும்போது குறி தப்புகிறது.

ஸஹ்ராவின் வாப்பா இதை இன்று வாசிப்பார். அவர் சம்மதித்தால் திங்கட்கிழமை காலை மகளைக் கண்டி ஸ்டேஷனுக்குத் தானே கூட்டிவருவார். வராவிட்டால் உன் வேலையைப் பறித்தது நான். அப்போது என்மேல் கோபப்படு, எனக்காக அதை விழுங்காதே. வந்தால், ரயில் வருவதற்குள் அவர் உன்னைத் தனியாகக் கூப்பிட்டு ஏதாவது கேட்பார். மாலினி யாரென்று அப்போதே உனக்குத் தெரியுமா என்று கேட்டால் தெரியாது என்று சொல், அது உண்மை. உன் அம்மாவுக்கு வருத்தமா என்று கேட்டால், எனக்காகப் பொய் சொல்லாதே. ஸஹ்ராவுக்காக நிறைய, நிரோஷுக்காக ஒரு துளியும் இல்லை என்று சொல்.